விழுந்த நகரத்தின் சரித்திரம்

கோலாலம்பூரை ஸ்தாபித்தவர் யார் என்னும் விவகாரம் நம் நாட்டில் சில வருஷங்களுக்கு ஒருமுறை தலைதூக்குவதும், சபைகளிலும் பத்திரிகைகளிலும் சில நாள் சூடாகப் பேசப்படுவதும், பிறகு தீர்ப்பு எதுவும் இன்றி அடங்கிப்போவதும் வாடிக்கையாகிவிட்டது. 1857-ல் 87 சீனச் சுரங்கத் தொழிலாளரைக் கிள்ளான் ஆற்றின் வழியே அம்பாங்கை நோக்கி அனுப்பிய ராஜா அப்துல்லாவே ஸ்தாபகர் என்பது ஒரு கட்சி. இடிபாடுகளிலிருந்து ஊரை எழுப்பிய சீனர் தலைவராகிய கப்பித்தான் யாப் ஆ லோய்தான் என்பது இன்னொரு கட்சி. இவர்களுக்கெல்லாம் முன்பே ஆற்றுக்கூடலில் வியாபாரம் நடத்திய மண்டைலிங் வர்த்தகர் சுத்தான் புவாசாவை எவரும் பேசுவதில்லையே என்பது அண்மைக் காலத்தில் ஆதாரங்களுடன் எழுந்திருக்கும் மூன்றாம் கட்சி. மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் மூன்று கட்சியினரும் கடந்துபோய்விடும் ஒரு சம்பவத்தில்தான், 1872 ஆகஸ்ட் மாதத்தில் அவ்வூர் முற்றுகையிடப்பட்டு, காவல் இழந்து, தீக்கிரையான சம்பவத்தில்தான், இந்நகரத்தின் சரித்திரத்தை நாம் படிக்கத் தொடங்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஏனென்றால் அந்த மாதத்தில், ஸ்தாபகர் பட்டத்துக்கு இன்று போட்டியிடும் மூன்று தரப்பும் ஒரே குன்றைச் சுற்றிப் போர்முனையில் எதிரெதிராக நின்றன: யாப் ஆ லோய் ஊரைக் காத்து நின்றார், சுத்தான் புவாசா முற்றுகையிட்டவர்களின் அணியில் இருந்தார், ராஜா அப்துல்லா இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தாலும், அவருடைய மகன் ராஜா இஸ்மாயில் தந்தையின் வழக்கைச் சுல்தானின் மருமகனான துங்கு குடினின் கட்சியில் நின்று தொடர்ந்துகொண்டிருந்தார்.

அம்முற்றுகைக்கு இடமளித்த, கிள்ளான் யுத்தம் என்று பாடநூல்களில் அழைக்கப்படும் இந்தச் சிலாங்கூர் உள்நாட்டு யுத்தத்தை, அரச குடும்பத்தார் தமக்குள் நடத்திய பங்காளிச் சண்டை என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடுவது சுலபம். பங்காளிச் சண்டை என்பதில் தவறில்லை. ஆனால் எந்தச் சொத்தின் மீது பங்கு என்ற கேள்வியை எழுப்பினால்தான் அந்தச் சண்டையின் சொரூபம் விளங்கும். அக்காலத்தில் உள்நாட்டு ஈயம் கடலை அடைவதற்கு ஆறு ஒன்றே மார்க்கம். அம்பாங்கில் ஆயிரக்கணக்கானோர் முழங்கால் சேற்றில் நின்று அரித்தெடுத்த ஈயமானாலும், அவர்கள் உண்ட அரிசியும் புகைத்த அபினியுமானாலும், கிள்ளான் ஆற்றின் முகத்துவாரத்தைக் கடக்காமல் ஏறவோ இறங்கவோ இயலாது. ஆகவே முகத்துவாரத்தைத் தன் வசம் வைத்திருப்பவன், மண்வெட்டியைத் தொடாமலே, மேல்நாட்டுச் செல்வம் முழுவதற்கும் சுங்கம் விதிப்பவன் ஆனான். அந்த ஸ்தானம் தன் தந்தை ராஜா சுலைமானுக்குப் பிறகு தனக்கு வராமல், லுக்குட்டை ஆண்ட ராஜா ஜுமாட்டின் சகோதரரான ராஜா அப்துல்லாவுக்குப் போய்விட்டதே என்பது ராஜா மஹாடியின் மனக்குறை. 1866-ல் ராஜா அப்துல்லா கிள்ளானின் சுங்க வசூலை வில்லியம் ரீட், டான் கிம் சிங் என்ற சிங்கப்பூர் வர்த்தகர்களுக்குக் குத்தகைக்கு விட்டபோது, அரச வம்சத்தில் பிறந்த தாம் வணிகரின் ஆளிடம் வரி செலுத்துவதா என்று மஹாடி மறுத்தார். அதே வேளையில், தம் இனத்தவர் ஒருவர் ராஜா அப்துல்லாவின் புகிஸ் ஆட்களால் கொல்லப்பட்டதற்கு நியாயம் கிடைக்காத சுமத்திரா வணிகரும் மஹாடியுடன் சேர்ந்துகொள்ள, 1867-ல் கிள்ளான் கோட்டை அவர் வசமாயிற்று.

சிங்கப்பூர்க் குத்தகைதாரர் இச்சரித்திரத்தின் முதல் ஏட்டிலேயே வந்துவிடுவதை வாசகர் கவனிக்க வேண்டும். கடைசி ஏட்டிலும் அவர்களுடைய கூட்டத்தாரையே சந்திக்கப்போகிறோம்.

இந்த ஈயத்துக்கு இத்தனை மதிப்பு எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை சுல்தானின் லங்காட் அரண்மனையில் இல்லை, அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால் இருக்கிறது. 1861 முதல் 1865 வரை அமெரிக்க நாடு தன் உள்நாட்டு யுத்தத்தில் மூழ்கிக் கிடந்தபோது, படைவீரருக்குப் பாலும் இறைச்சியும் பழமும் தகர டப்பாக்களில் அடைத்து அனுப்பப்பட்டன. யுத்தம் முடிந்து வீடு திரும்பியவர்கள் அந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டு சென்றார்கள். டப்பாவுக்கு வேண்டிய தகட்டை வார்த்த தென் வேல்ஸ் ஆலைகள் இரும்புக்குப் பூச ஈயம் தேடின. ஓர் உள்நாட்டு யுத்தத்தின் சோற்று மூட்டை, உலகின் மறுகோடியில் இன்னோர் உள்நாட்டு யுத்தத்துக்கு வித்திட்டது என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. ஆனாலும் ராஜா மஹாடியும் ராஜா அப்துல்லாவும் சண்டையிட்ட பொருளின் கிரயம் அவர்கள் கண்டறியாத ஊர்களில் நிர்ணயமாயிற்று என்பதில் சந்தேகமில்லை.

அரசரோ இதில் ஒதுங்கியே நின்றார். 1857 முதல் 1898 வரை, நாற்பது வருஷத்துக்கும் மேலாகச் சிம்மாசனத்தில் இருந்த சுல்தான் அப்துல் சமாட் இந்த யுத்தத்தில் காட்டிய சலனமின்மையைப் பேதைமை என்று எழுதியவர்களும் உண்டு; அவருடைய மாதப் படியான 500 வெள்ளி யார் கையிலிருந்து வருகிறதோ அவர் பக்கம் மெல்லச் சாய்ந்தும், வராதபோது மெல்ல விலகியும், எல்லாக் கட்சியினரும் அழிந்த பின்னும் தாம் அரியணையில் இருந்த அந்த மனிதரைப் பேதை என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை. படி கொடுக்கத் தவறிய மஹாடிக்கு நிச்சயித்திருந்த தம் மகள் ராஜா அர்ஃபாவை, கெடாவிலிருந்து வந்த துங்கு குடினுக்கு மணம் முடித்து, 1868-ல் மருமகனுக்கே யுத்தத்தை நடத்தும் அதிகாரத்தையும் தந்துவிட்டார். துங்கு குடின் தம் கெடா வீரருடன் ராஜா இஸ்மாயிலுக்குத் துணைநின்று, 1870 மார்ச்சில் கிள்ளானை மீட்டார். மஹாடி கோலா சிலாங்கூருக்கு நகர்ந்தார். யுத்தம் ஆற்றின் வாயிலிருந்து ஆற்றின் தலைக்கு ஏறியது.

ஆற்றின் தலையில் வேறொரு பகை முன்னமே கனன்றுகொண்டிருந்தது. கோலாலம்பூரின் ஹக்கா சீனரில் ஹூய்சியூ வட்டாரத்தவர் யாப் ஆ லோயின் தலைமையில் இருந்தனர். கஞ்சிங் சுரங்கங்களில் இருந்த காயிங்சியூ வட்டாரத்தவர் சோங் சோங்கைத் தலைவராகக் கொண்டனர். ஒரே பாஷை பேசி, ஒரே தொழிலைச் செய்த இவ்விரு சாராரும் சுரங்கத்துக்காகவும் நீருக்காகவும் கப்பித்தான் பதவிக்காகவும் மோதிக்கொண்டனர். சோங் சோங் அரபு வம்சத்தவரான சையத் மஷ்ஹோருடன் சேர்ந்து மஹாடியின் கட்சியில் நிற்க, யாப் ஆ லோய் துங்கு குடினை நாடினார். 1870-ல் அம்பாங் பக்கமாக வந்த தாக்குதலை யாப் முறியடித்தார். அடுத்த வருஷமும் ஊர் தப்பியது.

1872-ல் நிலைமை மாறியதற்குக் காரணம் போர்க்களத்தில் அல்ல, கணக்குப் புத்தகத்தில் இருந்தது. துங்கு குடின் தம் செலவுக்காகக் கடன் மேல் கடன் வாங்கினார், வரியை இறுக்கினார், அந்த இறுக்கம் மண்டைலிங் வணிகரை உறுத்தியது. அவர்களுடைய தலைவர்களான ராஜா அசாலும் சுத்தான் புவாசாவும் மஹாடியின் பக்கம் சாய்ந்தபோது, கோலாலம்பூரைச் சூழ்ந்திருந்த காட்டுப் பாதைகளை அறிந்த மனிதர்கள் அத்தனை பேரும் ஒரே நாளில் எதிரிகள் ஆனார்கள் என்று கொள்ளலாம். ஆற்றுக்கூடலுக்குக் கிழக்கே எழும் புக்கிட் நானாஸ் குன்றில் துங்கு குடினின் காவற்படை இருந்தது. அப்படையின் அமைப்பைச் சற்று நின்று நோக்க வேண்டும். வான் ஹேகன், கவாலியேரி என்ற இரண்டு ஐரோப்பியர் கூலிக்கு அமர்ந்த தளபதிகள். அவர்களுக்குக் கீழே மலாய் வீரரும், சிப்பாய்கள் என்று சரித்திரம் பொதுப்பெயரால் மட்டுமே குறிக்கும் இந்திய வீரரும். அந்தச் சிப்பாய்களின் பெயரையோ ஊரையோ பாஷையையோ எழுதிவைக்க எவருக்கும் தோன்றவில்லை. வான் ஹேகனுக்கும் கவாலியேரிக்கும் பெயர் உண்டு. அவர்களோடு மடிந்தவர்களுக்கு எண்ணிக்கைகூட உறுதியாக இல்லை.

குன்றின் மேலிருப்பது காவலுக்கு நல்லது, சோற்றுக்குக் கெட்டது. கோலாலம்பூருக்கு வேண்டிய அரிசி கிள்ளானிலிருந்து படகில் டாமன்சாரா துறைக்கு வந்து, அங்கிருந்து பெட்டாலிங் வழியாகக் காட்டுத்தடத்தில் ஆள்சுமையாக வர வேண்டும். அந்தத் தடத்தை அறுத்துவிட்டால் ஊர் தானே விழும் என்பதைத் தாக்கியவர்கள் அறிந்திருந்தார்கள். குன்றைச் சுற்றி அரண் அமைத்து நெருக்கினார்கள். காவற்படை பொறுக்க மாட்டாமல் குன்றைவிட்டு இறங்கி மேற்கே தப்ப முயன்றது. காட்டுவழி அறியாத அந்தக் கூட்டம் பெட்டாலிங்கில் மடக்கப்பட்டது; இரண்டு ஐரோப்பியரும் கொல்லப்பட்டனர்; வீரரில் பலர் அங்கேயே முடிந்தனர். காவல் போனபின் ஊரைக் காக்க வழியில்லை. யாப் ஆ லோய் எஞ்சிய ஆட்களுடன் அதே காட்டின் வழியே கிள்ளானுக்குத் தப்பிச் சென்றார். அத்தாப்பு வேய்ந்த குடிசைகள் நிறைந்த கோலாலம்பூர் எரிந்து சாம்பலாயிற்று. சுரங்கக் குழிகளில் நீர் நிரம்பியது.

இன்று கூட்டரசு நெடுஞ்சாலையில் பெட்டாலிங் ஜெயாவைக் கடந்து கிள்ளானுக்குச் செல்கிறவர் ஏறக்குறைய அந்தப் பின்வாங்கலின் திசையிலேயே செல்கிறார். 1886-ல் திறக்கப்பட்ட முதல் சிலாங்கூர் இரயில் பாதையும் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு எதிரே இருந்த புக்கிட் கூடா வரை இதே திசையில்தான் போடப்பட்டது. அந்தப் பாதையில் மண் சுமந்தும் சிலிப்பர்க்கட்டை புதைத்தும் பணியாற்றியவர்களில் நம்மவர் எத்தனை பேர் என்பதையும், பிரிக்பீல்ட்ஸ் என்ற வட்டாரமே இரயில்வே குடியிருப்பாகித் தமிழ் வட்டாரமானதையும் இப்பத்திரிகை வாசகருக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

மீட்சியின் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். பகாங்கின் பெண்டஹாரா வான் அஹ்மட் படை அனுப்பினார். யாப் ஆ லோய் புதிய ஆட்களைத் திரட்டினார். 1873 மார்ச்சில் கோலாலம்பூரும், நவம்பரில் கோலா சிலாங்கூரும் துங்கு குடினின் கட்சிக்கு வந்தன. ராஜா மஹாடி நாடிழந்து திரிந்து, 1882-ல் சிங்கப்பூரில் காலமானார். தோற்றவர் ஆனபடியால் அவரைக் கலகக்காரர் என்றே அரசாங்க ஏடுகள் எழுதின. அவர் கேட்டது நியாயமா அல்லவா என்பதில் எனக்குத் திடமான முடிவு இல்லை. ஆனால் வென்றவர்கள் பெற்றது என்ன என்று பார்த்தால், தோற்றவரைப் பற்றிய ஏளனம் தானே குறைந்துவிடும்.

வென்ற துங்கு குடினுக்குக் கிடைத்தது கடன். அவருக்குப் பணம் கொடுத்துதவியவர்களில் பிரதானமானவர் சிங்கப்பூர் வழக்கறிஞர் ஜேம்ஸ் கத்ரி டேவிட்சன். 1873-ல் சிலாங்கூர் ஈயச் சுரங்கக் கம்பெனி என்ற ஸ்தாபனத்துக்குப் பத்து வருஷச் சுரங்க உரிமை எழுதிக் கொடுக்கப்பட்டதில் அவருடைய பங்கு பெரிது. அந்தக் கம்பெனிக்காக லண்டனில் வாதாடிய செய்மூர் கிளார்க் என்பவர், இங்கிலாந்து தலையிடாவிட்டால் சிலாங்கூர் ஜெர்மனி போன்ற வேறு வல்லரசை நாடக்கூடும் என்று குடியேற்றநாட்டு இலாகாவுக்கு எழுதிய கடிதம், தலையிடாக் கொள்கையை லண்டன் கைவிட்டதற்கான காரணங்களில் ஒன்றாகச் சரித்திராசிரியர் பலரால் சுட்டப்படுகிறது. 1874 ஜனவரியில், மலாய் நாடுகளில் இங்கிலாந்தின் தலையீட்டுக்கு வழிதிறந்த பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதே வருஷம் ஆகஸ்டில் பிராங்க் ஸ்வெட்டன்ஹாம் உதவி ஆலோசகராக லங்காட்டுக்கு வந்தார். 1875-ல் சிலாங்கூரின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பதவியில் அமர்ந்தவர் வேறு யாருமல்லர், அந்த டேவிட்சன்தான். போருக்குக் கடன் கொடுத்தவர் போர் முடிந்ததும் நாட்டின் வரவு செலவை மேற்பார்க்கும் அதிகாரியாக வருவதைத் தற்செயல் என்று நம்பும் அளவுக்கு நான் வெகுளி அல்ல. துங்கு குடின் 1878-ல் பதவியைத் துறந்து வடக்கே போய்விட்டார். யாப் ஆ லோய் யுத்தச் செலவிலும் ஊரைப் புதுப்பித்த செலவிலும் மூழ்கி, 1879-ல் ஈயத்தின் விலை உயர்ந்ததால் மட்டுமே திவாலாகாமல் தப்பினார்.

டேவிட்சன் தனியே வரவில்லை. சிங்கப்பூரில் பிறந்து, ராஃபிள்ஸ் கல்விக்கூடத்தில் பயின்று, அவருடைய வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்த தம்புசாமிப் பிள்ளை என்ற தமிழ் இளைஞரும் உடன் வந்தார். சிலாங்கூர்க் கருவூலத்தில் உயர்ந்து, ராவாங்கில் லோக் இயூவுடன் சுரங்கம் நடத்தி, மாரியம்மன் கோயிலையும் பத்துமலை முருகனையும் நமக்கு ஏற்படுத்தித் தந்த அந்தப் பெருமனிதரைப் பற்றி நாம் எழுதும் ஒவ்வொரு பாராட்டுரையும் அவர் கோலாலம்பூருக்கு வந்ததை ஏதோ தீர்க்கதரிசனம்போல வர்ணிக்கிறது. அவர் வந்தது ஒரு யுத்தத்தின் கடன் பத்திரங்களைப் பின்தொடர்ந்து. இதைச் சொல்வதால் அவருடைய பெருமை அணுவளவும் குறையாது. மாரியம்மன் கோயில் நிறுவப்பட்டதாகக் கொள்ளப்படும் வருஷம் 1873. ஊர் மீட்கப்பட்ட வருஷமும் அதுவே. சாம்பல் ஆறாத ஓர் ஊரில், டேவிட்சன் வருவதற்கு இரண்டு வருஷம் முன்பே நம்மவர் கோயில் எழுப்பினார்களா, அல்லது பிற்காலத்தவர் அந்த வருஷத்தைத் தேர்ந்துகொண்டார்களா என்பது நம் வாலிப ஆய்வாளர் ஒருவர் எடுத்துக்கொள்ள வேண்டிய பொருள். புக்கிட் நானாஸின் பெயரற்ற சிப்பாய்களை நினைக்கும்போது, அந்தக் கேள்வி எனக்கு வெறும் தேதி விவகாரமாகத் தோன்றவில்லை.

இவ்வளவு இருந்தும் இந்த யுத்தத்தைப் பற்றி நம் சமூகத்தில் பேச்சில்லை. நான் வசிக்கும் ஸ்ரீ கெம்பாங்கானில், உல்லாச விடுதிகளும் அங்காடி வளாகமும் சூழ்ந்த பெரிய ஏரி ஒரு காலத்தில் ஹோங் ஃபாட் ஈய லம்பத்தின் குழியாக இருந்தது என்பதையே வாலிபர் பலர் அறியமாட்டார்கள். அந்த ஈயத்துக்காகச் சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் ஒரு நகரமே எரிந்தது என்றால் கதை என்றே எண்ணுவார்கள். மௌனத்துக்கு ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு காரணம் உண்டு. மலாய்க்காரருக்கு அது அரச குடும்பங்களின் பிளவை நினைவூட்டுகிறது. சீனருக்கு அது கப்பித்தானின் வீரக் கதையாக இருக்கும்வரை சுகம், ஹக்காவை ஹக்கா வெட்டிய கதையாகும்போது சங்கடம். நமக்கோ, அப்போது நாம் இங்கே இல்லை என்ற வசதியான நம்பிக்கை.

பழைய புண்ணைக் கிளறினால் இனங்களுக்குள் மனக்கசப்பு வளரும் என்று சொல்லும் நல்லெண்ணக்காரர்களை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த யுத்தத்தின் இரண்டு அணிகளையும் எழுதி அடுக்கிப் பார்க்கட்டும். ஒரு பக்கம் ராஜா மஹாடி, அரபு வம்சத்து சையத் மஷ்ஹோர், காயிங்சியூ சீனர், கடைசியில் மண்டைலிங்கர். மறுபக்கம் துங்கு குடின், ராஜா இஸ்மாயில், ஹூய்சியூ சீனர், கெடா வீரர், பகாங் வீரர், இந்தியச் சிப்பாய்கள், ஐரோப்பியக் கூலிப்படையினர். மலாய்க்காரர் இரு புறமும், சீனர் இரு புறமும். இதை இனச் சண்டையாகச் சித்தரிக்க விரும்புகிறவன் பாதிப் பெயர்களை மறைத்தாக வேண்டும். ஸ்தாபகர் யார் என்ற விவாதம்தான் அப்படி மறைக்கிறது. ஒவ்வோர் இனமும் தன் பங்காளியை மட்டும் எடுத்துக்கொண்டு, அவனோடு ஒரே அரணில் நின்ற மற்ற இனத்தவனை விட்டுவிடுகிறது. வீழ்ச்சியிலிருந்து கதையைத் தொடங்கினால் எவரையும் விட முடியாது.

மேலும் ஒன்று உண்டு. இந்த யுத்தத்தைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி யாப் ஆ லோயின் சரித்திரத்தின் மூலமாக வந்தது. அதை எழுதத் தொடங்கிய மிடில்புரூக் ஜப்பானியர் காலத்தில் சிறைமுகாமில் மாண்டார். கல்லிக் அதை முடித்து 1951-ல் வெளிவரச் செய்தார். அந்த நூலுக்கு நாம் கடமைப்பட்டவர்கள். எனினும் அது வென்றவரின் வீட்டிலிருந்து பார்க்கப்பட்ட யுத்தம். முற்றுகையிட்ட மண்டைலிங்கரின் பார்வை ஒரு நூற்றாண்டுக்குப் பின்தான் ஏடேறியது. சிப்பாய்களின் பார்வை ஏறவே இல்லை. சிங்கப்பூர் ஆவணக் காப்பகங்களிலும் பினாங்கு, சிங்கப்பூர்ப் பழைய பத்திரிகைகளிலும் கூலிப்படைக்கு ஆள் சேர்த்த விவரங்களைத் தேடிப் பார்ப்பதற்கு, மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையும் நம் எழுத்தாளர் சங்கங்களும் ஒரு மாணவரையாவது ஊக்குவிக்கலாமே.

பாடசாலையைப் பொறுத்தவரை என் கோரிக்கை சிறியது. இடைநிலைப் பள்ளியில் இந்த யுத்தம் ஒரு பக்கத்தில் வந்து போகிறது. அதை மாற்றப் பாடத்திட்டக் குழு கூட வேண்டும், அது நம் கையில் இல்லை. ஆனால் கோலாலம்பூர், பெட்டாலிங், கிள்ளான் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகள் மாணவரை வருஷந்தோறும் சுற்றுலா அழைத்துச் செல்கின்றன. மிருகக்காட்சிசாலைக்குச் செல்லும் அதே பேருந்தில் ஒரு நாள் கிள்ளானுக்குச் சென்று, ராஜா அப்துல்லாவின் பண்டகசாலையையும், அதற்கு அருகே குன்றின் மேல் எஞ்சி நிற்கும் ராஜா மஹாடி கோட்டையின் வாயிலையும் காட்டி, இருவரும் எதற்காகச் சண்டையிட்டார்கள் என்று ஆற்றைக் காட்டிச் சொல்ல ஓர் ஆசிரியருக்கு அரை மணி நேரம் போதும்.

கோலாலம்பூரில் வேண்டியது இன்னும் எளிது. யாப் ஆ லோயின் பெயரில் ஒரு சிறு தெரு உண்டு. 1906 முதல் காப்புக்காடாக இருந்துவரும் புக்கிட் நானாஸின் மேல் கோபுரம் நிற்கிறது. அதைக் காண நாள்தோறும் உல்லாசப் பயணிகள் ஏறுகிறார்கள். அந்தக் குன்றின் அடிவாரத்தில், மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் நான்கிலும், 1872 ஆகஸ்டில் இங்கே முற்றுகை நடந்தது என்றும், காத்தவர் இன்னார், தாக்கியவர் இன்னார் என்றும் ஒரு பலகை வைக்க மாநகர் மன்றம் முன்வர வேண்டும். அதில் வான் ஹேகனையும் கவாலியேரியையும் எழுதும் வரியிலேயே, அவர்களுடன் பெட்டாலிங் காட்டில் இறந்த மலாய் வீரரையும் இந்தியச் சிப்பாய்களையும், பெயர் கிடைக்கும்வரை பெயரின்றியாவது, எழுதிவிட வேண்டும்.